நாய் சொறிகிறது: எரிச்சலா, அலர்ஜியா?

போன மார்கழி மழையில் இலையான் தொல்லை தாங்கமுடியாமல், விறாந்தையை வழமையைவிடக் கொஞ்சம் தாராளமாகப் பினாயில் ஊற்றிக் கழுவினோம். நிலம் காயமுதலே வீட்டு நாய்கள் இரண்டும் வந்து தங்கள் இடத்தில் படுத்துக்கொண்டன. ஒன்று மணி, படலையடியில் கிடந்து, சோறு வைக்கத் தொடங்கிய பிறகு வளவுக்குள் வந்து சேர்ந்த ஊர் நாய். மற்றது ஜூலி, பொமரேனியன் கலப்பு, தானும் ஒரு மனுசி என்று நினைத்துக்கொண்டிருப்பவள். மறுநாள் விடியப் பார்த்தால் இரண்டுக்கும் அடிவயிறு செக்கச் செவேலென்று இருந்தது.

பங்குனியில் இன்னொரு கூத்து. இந்த முறை ஜூலி மட்டும். வால் தொடங்குகிற இடத்தைத் திரும்பித் திரும்பிக் கடித்து, முதுகின் பின்பாதியில் முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்துவிட்டது. அதே சாக்கில் பக்கத்தில் படுக்கிற மணிக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு தடவையும் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். "தம்பி, இது சொறிதான். கராச்சில கழிவு ஒயில் கொஞ்சம் வாங்கிப் பூசிவிடு. ரெண்டு நாளில மாறிடும்."

மாமியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊரில் நாயின் தோலில் எது வந்தாலும் அதற்குச் சொறி என்று ஒரே பெயர்தான். ஆனால் மார்கழியில் வந்தது எரிச்சல். பங்குனியில் வந்தது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. வெளியில் இரண்டும் ஒரே சிவப்பு, ஒரே சொறிதல். உள்ளே நடப்பது வேறு, ஆளைப் பிடிக்கிற வழியும் வேறு. நான் மிருக வைத்தியர் இல்லை. இரண்டு நாயை வைத்துக்கொண்டு, கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதைத்தான் புதிதாக நாய் வளர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் உடம்பு அரித்தால் "கடிக்குது" என்போம். மனிதருக்கு அது வெறும் சொல் வழக்கு. நாய்க்கு அப்படியே உண்மை. கை இல்லாத பிராணி, கடி வந்தால் கடித்துத்தான் தீர்க்கவேண்டும். பாதத்தை நக்கிக்கொண்டே இருப்பது, சுவரில் முதுகைத் தேய்ப்பது, பின்பக்கத்தை நிலத்தில் இழுப்பது, தலையை உதறுவது எல்லாமே கடியின் அடையாளமாக இருக்கலாம். "சொறியவில்லையே, சும்மா நக்குகிறதுதானே" என்று விட்டுவிடுவோம். வெள்ளை நாயின் பாதத்தில் முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால், அது எச்சில் கறை. நெடுநாளாக நக்குகிறது என்று அர்த்தம்.

முடிக்குக் கீழே

நாய்க்குத் தடித்த தோல் என்று நாம் நினைப்பது முடியைப் பார்த்து. உண்மையில் நாயின் மேல்தோல் எங்களுடையதைவிட மெல்லியது. முடியுள்ள இடங்களில் உயிருள்ள செல் அடுக்குகள் 3 முதல் 5 வரைதான். மனிதருக்கு 10 முதல் 15 வரை சொல்லுவார்கள். மனிதத் தோல் சற்று அமிலமானது, பிஎச் 5.5 அளவில். நாயின் தோல் நடுநிலைக்குக் கிட்ட, 7ஐ ஒட்டி நிற்கும். எங்கள் தோலுக்கென்று செய்த சோப்பும் ஷாம்பூவும் நாய்க்குப் பொருந்தாததற்கு இதுவும் ஒரு காரணம். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால் குளிக்க வார்க்கிறவர்களுக்கு இதற்குமேல் நான் என்ன சொல்ல.

இந்த மெல்லிய தோலுக்கு முடிதான் சட்டை. சட்டை இல்லாத இடங்கள் அடிவயிறு, கவடு, அக்குள், விரலிடுக்கு, விதைப்பை, மூக்கோரம், உதடு. நிலத்தில் உள்ள எதுவும் முதலில் போய்ப் படுவது அங்கேதான்.

வேலியைப் பிய்ப்பவனும் தபால்காரரும்

உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியை வளவுக் காவல் நாயாக நினைத்துக்கொள்ளுங்கள். கள்ளன் வந்தால் குரைக்கவேண்டும். அதற்குத்தான் அது இருக்கிறது.

எரிச்சலில் இந்தக் காவல் நாய்க்குப் பெரிய பங்கு இல்லை. ஒருவன் வந்து வேலியைப் பிய்த்துப் போட்டுவிடுகிறான். பினாயிலோ, காரமோ, அமிலமோ தோலின் கொழுப்புப் படலத்தைக் கரைத்து, செல்களை நேரடியாக உடைக்கிறது. உடைந்த இடம் சிவந்து வீங்கி எரிகிறது. இதற்கு முன்பழக்கம் வேண்டியதில்லை. முதல் தடவையிலேயே நடக்கும். மணி, ஜூலி என்ற வித்தியாசமும் இல்லை. போதிய அளவு, போதிய நேரம் பட்டால் எந்த நாய்க்கும் நடக்கும். பட்ட இடத்தில்தான் வரும். சில நிமிடத்திலிருந்து ஒரு நாளுக்குள் தெரிந்துவிடும். பினாயிலை இன்னும் தண்ணீராக்கி, நிலம் காய்ந்த பிறகு நாயை விட்டிருந்தால் எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகியிருக்காது. எரிச்சலில் அளவுதான் எல்லாம்.

அலர்ஜி அப்படியில்லை. தினமும் வந்துபோகிற தபால்காரரை ஒருநாள் இந்தக் காவல் நாய் கள்ளன் என்று முடிவுகட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் படலையைத் தொட்டாலே போதும், ஊரே எழும்பும். தபால்காரர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மகரந்தம், மீன், தெள்ளின் எச்சில் போன்ற பொருள்கள் பெரும்பாலான நாய்களை ஒன்றும் செய்வதில்லை. குறிப்பிட்ட ஒரு நாயின் உடம்பு அவற்றைத் தவறாக ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். 1906இல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே என்ற குழந்தை வைத்தியர் 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கியபோது, 'வேறு', 'செயல்' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். உடம்பு வழக்கத்துக்கு மாறாக நடந்துகொள்வதைத்தான் அவர் சொல்ல வந்தார்.

ஞாபகம் உண்டாக முதலில் அறிமுகம் வேண்டும். ஆகவே அலர்ஜி பெரும்பாலும் புதுப் பொருளால் வருவதில்லை. பல மாதமாக, சிலவேளை வருடக்கணக்காகப் பழகிய பொருளால்தான் வரும். "இரண்டு வருசமாக இதைத்தானே கொடுக்கிறோம், இதுவாக இருக்காது" என்று நாம் விலக்கிவிடுகிற பொருள்தான் முதற் சந்தேகத்துக்குரியது. எரிச்சலுக்கு இது நேர்மாறு: அங்கே முதலில் பார்க்கவேண்டியது நேற்றுப் புதிதாக வந்ததை, அல்லது நேற்று அளவு கூடியதை.

வளவுக்குள் இருக்கிற எரிச்சல்கள்

எரிச்சல் தருகிற பொருள் என்றதும் தொழிற்சாலை இரசாயனம்தான் ஞாபகம் வரும். எங்கள் வளவுக்குள்ளேயே நிறைய இருக்கிறது.

குசினிச் சாம்பலை வளவு மூலையில் கொட்டுவோம். நாய்க்கு அது மெத்தை. காய்ந்த சாம்பலில் புரண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மழை பெய்து சாம்பல் ஊறினால் அது காரக் கரைசல். பாத்திரத்து எண்ணெய்ப்பிசுக்கை எடுக்கிற அதே காரம் வயிற்றுத் தோலின் கொழுப்பையும் எடுக்கும். சீமெந்து இதைவிட மோசம். ஈரச் சீமெந்தின் பிஎச் 12க்கு மேல். வெளிநாட்டுக் காசில் ஒழுங்கைக்கு ஒரு வீடு எழும்புகிற காலம் இது. குளிர்ச்சியாக இருக்கிறதென்று அன்று போட்ட கொங்கிரீற்றில் போய்ப் படுத்த நாயின் வயிறும் முழங்கையும் வெந்துபோகும். கிணறு இறைத்துப் போடுகிற பிளீச்சிங் பவுடர், தோட்டத்துப் பூச்சிமருந்து, உரம், எருக்கலைப் பால், கள்ளிப் பால் எல்லாம் இந்தப் பட்டியல்தான்.

முருங்கை மரத்து மயிர்க்கொட்டியைத் தனியாகச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளி போர்த்தியதுபோல் கூட்டமாக இருக்கும். ஒன்று விழுந்தால் நாய் மூக்கை நீட்டி மணக்காமல் விடாது. அந்த மயிர்கள் தோலில் குத்தி முறிந்து நிற்கும். உதடும் நாக்கும் வீங்கி எச்சில் வடியும். இது அலர்ஜி இல்லை, முதல் தடவையிலேயே எந்த நாய்க்கும் வரும். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மயிர் இன்னும் உள்ளே போகும். ஒட்டும் நாடாவை மெதுவாக ஒற்றி எடுத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும்.

மற்ற எரிச்சல்களுக்கும் முதல் மருந்து தண்ணீர்தான். தூளாகப் பட்டிருந்தால் முதலில் உலர்ந்தபடியே தட்டி விழுத்தவேண்டும். பிறகு 10, 15 நிமிடம் நிறையத் தண்ணீர். பெயின்ற், தார், கிறீஸ் என்றால் தேங்காயெண்ணெய் பூசி இளக்கி, நாய்க்குரிய ஷாம்பூவால் கழுவலாம். மண்ணெண்ணெயும் டேர்பன்டைனும் வேண்டாம், அவையே எரிச்சல். கழிவு ஒயிலும் அதே சாதி. போதாததற்கு நாய் அதை நக்கி வயிற்றுக்குள்ளும் அனுப்பும். நக்குவதுதான் எரிச்சலில் இருக்கிற இரண்டாவது ஆபத்து. தோலில் பட்டது நாக்குக்கும் போகும், நாக்கு பட்ட ஈரத்தில் தோல் ஆறாது. கழுத்தில் கூம்புப் பட்டி போடுவது பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் பாதி வைத்தியம் அதுதான்.

மணிக்கும் ஜூலிக்கும் தண்ணீரும் கூம்புப் பட்டியும் போதுமாக இருந்தது. நாலாம் நாள் வயிறு பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. பொருள் போனால் நோயும் போகும் என்பது எரிச்சலில் ஒரு நிம்மதி.

தெள்ளு: அலர்ஜியின் முதற்பாடம்

பங்குனிக் கதைக்கு வருவோம். ஜூலியைப் பார்த்த வைத்தியர் மருந்து எழுதமுதல், பேன்சீப்பு இருக்கிறதா என்று கேட்டார். அன்று அவர் செய்து காட்டியதை நீங்களும் வீட்டில் செய்யலாம்.

வால் தொடங்குகிற இடத்தில் முடியை எதிர்ப்பக்கமாகக் கோதி, தோலில் சீப்பு முட்டும்படி ஐந்தாறு தரம் வாரவேண்டும். சீப்பில் வந்த முடியையும் தூசியையும் நனைத்த வெள்ளை ரிஷூவில் தட்டவேண்டும். மிளகுத்தூள்போல் கறுப்புப் பொட்டுகள் கிடக்கும். ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பொட்டைச் சுற்றிச் செங்கபில நிறம் கசிந்து பரவினால், அது தெள்ளின் எச்சம். உங்கள் நாயின் செமித்த இரத்தம். எங்கள் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு, செம்மண். செம்மண் துகள் போட்ட உடனேயே செங்கல் நிறமாக இருக்கும், தொட்டால் மண்ணாகவே அப்பும். தெள்ளின் எச்சம் கறுப்பாக இருந்து பிறகுதான் சிவப்பாகக் கசியும். ஒருமுறை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு மாறாது.

ஜூலியின் ரிஷூவில் ஐந்தாறு பொட்டு. சும்மா ஒப்பிட்டுப் பார்க்க மணியையும் வாரினோம். ரிஷூ முழுக்க.

அலர்ஜி என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது அந்த நிமிடத்தில். தெள்ளு அதிகம் உள்ள நாய் ஆனந்தமாகத் தூங்குகிறது. குறைவாக உள்ள நாய் தோலைப் பிய்க்கிறது. அரிப்பு வருவது தெள்ளின் எண்ணிக்கையால் இல்லை. தெள்ளு கடிக்கும்போது தோலுக்குள் விடுகிற எச்சிலில் உள்ள புரதத்தை ஜூலியின் உடம்பு கள்ளனாக எழுதிவைத்திருக்கிறது. அலர்ஜி உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே நாட்கணக்கில் அரிப்பைத் தரும். "தேடிப் பார்த்தேன், தெள்ளே இல்லை" என்பது ஆதாரம் ஆகாது. கடிக்கிற நாய் தெள்ளை விழுங்கியிருக்கும். நாய்களில் மிகச் சாதாரணமாகக் காணும் தோல் அலர்ஜிகளில் இது ஒன்று. முதுகின் பின்பாதி, வாலடி, தொடையின் பின்புறம் என்றால் முதலில் தெள்ளைத்தான் நினைக்கவேண்டும்.

ஆகவே வைத்தியம் ஜூலிக்கு மட்டும் இல்லை, மணிக்கும் பூனைக்கும் சேர்த்து. பெண் தெள்ளு ஒரு நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை முடியில் ஒட்டாது. சாக்கிலும், விறாந்தை வெடிப்பிலும், மண்ணிலும் கொட்டும். கூட்டுப்புழு தன் கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும், மருந்தடித்தாலும் இலகுவில் சாகாது. மருந்து தொடங்கி மூன்று நாலு கிழமைக்குப் பிறகும் புதுத் தெள்ளு தெரிவது இதனால்தான். மருந்தைத் திட்டி நிறுத்திவிடாமல் குறைந்தது மூன்று மாதம் தொடரவேண்டும். சாக்கை எரித்துவிட்டுப் புதிது போடுவது நல்லது. போர்வை என்றால் வெந்நீரில் தோய்த்து வெயிலில் போடலாம். ஒன்று முக்கியம்: பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்தைப் பூனையில் போடாதீர்கள். பூனை செத்துப்போகும்.

சோளகத்தோடு வருவது

மூச்சோடும் தோல் வழியாகவும் உள்ளே போகிற பொருள்களுக்கு எழும்புகிற அலர்ஜி இன்னொரு வகை. வைத்தியர்கள் அட்டோப்பி என்பார்கள். வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சணம் இவைதான் காரணம். பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கும், பரம்பரையிலும் வரும். இடங்கள் முகம், காதின் உட்புறம், பாதம், அக்குள், கவடு. திரும்பத் திரும்பக் காதில் அழுக்கும் மணமுமாக வருகிற நாய்க்குக் காது மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருப்போம். பின்னால் இருப்பது இதுவாக இருக்கலாம்.

உள்ளே நடப்பது இதுதான். உடம்பு அந்தப் பொருளுக்கென்று ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளைச் செய்து, தோலில் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிவைக்கிறது. அடுத்த தடவை பொருள் வந்து முட்டியதும் செல் தனக்குள் இருக்கிற ஹிஸ்டமினைக் கொட்டும். மனிதருக்கு அலர்ஜிக் குளிசை கேட்பது ஹிஸ்டமினைத் தடுப்பதால். நாயின் அரிப்பில் இன்டர்லூக்கின்-31 என்ற வேறொரு தூதுப் பொருளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதனால் அந்தக் குளிசைகள் பல நாய்களுக்குப் போதுமான அளவு கேட்பதில்லை. எங்கள் மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். தடிமன் மருந்து கலந்த அலர்ஜிக் குளிசையில் சூடோஎபெட்ரின் இருந்தால் நாய்க்கு உயிராபத்து.

எங்களுக்கு ஒரு வசதி, காற்று நாட்காட்டிபோல வருவது. சோளகம் வீசுகிற வைகாசி தொடக்கம் ஆவணி வரை புழுதியும் மகரந்தமும் பறக்கும். ஒவ்வொரு வருடமும் அந்த மாதங்களில் கூடி, மாரி மழையில் அடங்கினால் வெளிக்காற்றைச் சந்தேகப்படலாம். வருடம் முழுக்க ஒரே மாதிரி என்றால் வீட்டுத் தூசி. மாரி முடியக் கூடினால் தெள்ளு. இது கணக்கு மாதிரி அச்சொட்டாக வராது, ஆனால் இரண்டு வருடம் குறித்துவைத்தால் ஒரு வடிவம் தெரியும்.

தொட்டால் வருவது

தொடுகை அலர்ஜிதான் எரிச்சலோடு அதிகம் குழம்புவது. இதுவும் அடிவயிறு, பாதம், உதடு போன்ற முடியில்லாத இடங்களிலேயே வரும். ஆனால் இதற்குப் பின்னால் இருப்பது டி செல்கள் என்ற, நோய் எதிர்ப்புச் சக்தியின் மெதுவான கூட்டம். பொருள் பட்டு 1 நாளுக்கும் 3 நாளுக்கும் இடையில்தான் சிவக்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டதற்குச் செவ்வாய்க்கிழமை சொறிந்தால் நாம் செவ்வாய்க்கிழமைப் பொருளைத்தான் திட்டுவோம்.

தொங்கு சட்டிகளில் வளர்க்கிற, ஊதாவும் வெள்ளியும் வரியோடிய படர்செடியும் அதன் சொந்தக்காரச் செடிகளும் நாய்களுக்குத் தொடுகை அலர்ஜி தருவதில் பேர்போனவை. பார்த்தீனியத்தை யாழ்ப்பாணத்தாருக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. இந்திய அமைதிப்படைக் காலத்தில் ஆடுகளோடு வந்து சேர்ந்ததென்று ஊரில் சொல்லுவார்கள். அதைப் பிடுங்கின தோட்டக்காரரின் கையில் வருகிற சிவப்பும் தடிப்பும் இதே டி செல் அலர்ஜிதான். ஆளுக்கு ஆள் வித்தியாசம் அங்கேயும் உண்டு: பத்து வருடம் சும்மா பிடுங்கினவருக்குப் பதினோராவது வருடம் வரும்.

சில நாய்களுக்குப் பிளாஸ்ரிக் சாப்பாட்டுக் கோப்பையால் நாடியும் மூக்கும் சிவக்கும். எவர்சில்வருக்கு மாற்றினால் சரி. இன்னும் வேடிக்கை, நியோமைசின் கலந்த காது மருந்துக்கே சில நாய்களுக்கு அலர்ஜி. மருந்து விட விடக் காது மோசமாகும். மருந்து போதவில்லையாக்கும் என்று இன்னும் கொஞ்சம் கூட விடுவோம்.

நல்லூர்க் கொடியும் நாயின் சாப்பாடும்

சாப்பாட்டு அலர்ஜியைப் பற்றி ஊரில் இரண்டே கட்சி. எல்லாவற்றுக்கும் சாப்பாடுதான் காரணம் என்பது ஒன்று. நாய் எதையும் தின்னும் என்பது மற்றது. இரண்டும் பிழை. இது தெள்ளு அலர்ஜியையும் அட்டோப்பியையும்விடக் குறைவு. வரும்போது அட்டோப்பியைப் போலவே இருக்கும், கூடவே சில நாய்களுக்கு வயிற்றோட்டமும் இருக்கும். 2016இல் வெளிவந்த ஒரு ஆய்வுத் தொகுப்பில், சாப்பாட்டு அலர்ஜி இருந்த 297 நாய்களில் மாட்டிறைச்சிக்கு 34, பால் பொருள்களுக்கு 17, கோழிக்கு 15, கோதுமைக்கு 13 சதவீதம் என்று கணக்கு. மீன் அடியில் கிடந்தது. ஆனால் அவை பெரும்பாலும் மேற்கு நாட்டு நாய்கள். அவற்றின் கோப்பையில் இருப்பதற்குத்தான் அவற்றுக்கு அலர்ஜி. பிறந்ததிலிருந்து மீன்முள்ளும் சோறும் தின்கிற எங்கள் நாய்க்கு மீனைச் சந்தேகத்திலிருந்து நான் விலக்கிவைக்கமாட்டேன்.

இதைக் கண்டுபிடிக்க நம்பக்கூடிய வழி ஒன்றே ஒன்று. நாய் இதுவரை தின்னாத ஒரு புரதத்தை மட்டும், அல்லது அதற்கென்று தயாரித்த சாப்பாட்டை மட்டும் 8 கிழமை கொடுக்கவேண்டும். கடி குறைந்தால் பழைய சாப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் கடி திரும்பினால் அதுதான். சாப்பாட்டு அலர்ஜிக்கென்று செய்யும் இரத்தப் பரிசோதனை, எச்சில் பரிசோதனைகளை நம்பமுடியாது.

எங்கள் வீட்டில் ஒரு குட்டிக் குழப்பம் நடந்தது. ஆடி, ஆவணியில் நல்லூர்க் கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. நாய்க்கும் பருப்பும் சோறும்தான். ஒரு வருடம் அந்த நாட்களில் ஜூலி சொறிவது குறைந்தது, மீன்தான் காரணம் என்று முடிவுகட்டினோம். பிறகு யோசித்தால், அந்த மாதம்தான் புதுத் தெள்ளு மருந்தும் தொடங்கியிருந்தோம். 25 நாள் 8 கிழமை ஆகாது. சோற்றில் தயிரும் போனது. மணி வேலியால் நுழைந்து அடுத்த தெருவில் எலும்பு பொறுக்கி வருவதை ஜூலியும் பங்குபோடுவாள். விரதம் எங்களுக்குச் சரி, பரிசோதனையாக அது நிற்காது. அந்த 8 கிழமையும் வீட்டில் உள்ள எல்லோரும், முக்கியமாக ஒளித்து ஒளித்துப் பிஸ்கட் கொடுக்கிற அம்மம்மாவும், ஒத்துழைத்தால்தான் உண்டு.

உடனே ஓடவேண்டியது

குளவி, தேனீ கொட்டிய பிறகு, சிலவேளை தடுப்பூசிக்குப் பிறகு, சில நிமிடத்தில் அல்லது சில மணித்தியாலத்தில் முகம் பூரித்து, கண் மூடி, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பலாம். அதோடு சத்தி, வயிற்றோட்டம், பல் முரசு வெளிறுதல், தள்ளாட்டம், மூச்சு முட்டல் எதுவும் சேர்ந்தால் நேரம் பார்க்காமல் வைத்தியரிடம் ஓடுங்கள். தடுப்பூசிக்கு இப்படி ஒருமுறை வந்தால் அடுத்தமுறை முன்கூட்டியே சொல்லவேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியை அதற்காக விட்டுவிட முடியாது.

இரண்டும் இல்லாதது

வீட்டில் எல்லா நாய்க்கும் வந்தால் எரிச்சல், ஒன்றுக்கு வந்தால் அலர்ஜி என்று மேலே சொன்னது பாதி உண்மைதான். தோலைத் துளைத்து வாழும் சார்கொப்டெஸ் சிற்றுண்ணியின் சொறியும் எல்லா நாய்க்கும் தொற்றும். காதின் ஓரம், முழங்கை, குதிக்கால் மூட்டு இவை அதன் இடங்கள். காதோரத்தை விரலால் தேய்த்தால் அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறியத் தூக்கும். உங்கள் கையிலும் வயிற்றிலும் சிவப்புப் பொட்டு வந்து கடித்தால் சந்தேகம் இன்னும் உறுதி. மாமி சொன்ன சொறி உண்மையில் இதுதான், ஆனால் இதற்கும் கழிவு ஒயில் மருந்தில்லை. நல்ல மருந்துகள் இருக்கின்றன. மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்ரின் ஊசியைக் கண்மதிப்பில் போடுவிக்காதீர்கள், சில சாதி நாய்களுக்கு அது மூளைவரை போகும்.

அப்புறம், எந்தக் கடியும் நாள்பட்டால் மேலே இன்னொரு நோய் ஏறும். தோலில் சும்மா இருந்த ஸ்டெஃபிலோகொக்கஸ் பக்ரீரியாவும் மலசீசியா என்ற ஈஸ்ட்டும் புண்ணில் பெருகும். நனைந்த சாக்கு புளித்த மாதிரி ஒரு மணம் வந்தால் அதுதான். இதை மாற்றாமல் அலர்ஜிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் கடி நிற்காது; இதை மட்டும் மாற்றினால் இரண்டு மாதத்தில் திரும்பி வரும். "ஊசி போட்டால் ஒரு கிழமைக்கு நல்லம், பிறகு பழையபடி" என்கிற கதையும் இப்படித்தான். அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்ட். கடியை அடக்கும், காரணத்தைத் தொடாது. தேவையான இடத்தில் அது நல்ல மருந்துதான். அடிக்கடி என்றால் நாய் தண்ணீரும் மூத்திரமுமாக இருக்கும், தோல் மெலியும், தொற்று ஏறும்.

வைத்தியரிடம் போகமுதல் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எங்கே தொடங்கியது, எப்போது, வேறு எந்த நாய்க்கு, வேறு எந்த மனிதருக்கு, இதற்குமுன் எந்த மாதத்தில் வந்தது என்று ஒரு துண்டில் எழுதுங்கள். முதல்நாள் சிவப்பைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். மூன்றாம் நாள் நக்கி நக்கி எல்லாம் ஒரே புண்ணாகிவிடும், எங்கே தொடங்கியது என்று யாராலும் சொல்லமுடியாது. காது மருந்துப் போத்தல், ஷாம்பூ, தெள்ளு மருந்தின் பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முக்கியமாக, வைத்தியரிடம் போகிறோமே என்று முதல்நாள் நாயைக் குளிக்க வார்த்து, பவுடர் பூசி, வாரிவிட்டுக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நாங்கள் முதல்தரம் ஜூலியை அப்படித்தான் கொண்டுபோனோம். வைத்தியர் பேன்சீப்பால் நாலைந்து தரம் வாரிப் பார்த்துவிட்டு, "நல்ல வாசமா இருக்கிறா. ஒரு கிழமை குளிக்க வார்க்காம திரும்பக் கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்.